காலி என்கிறதா, ஃபுல் என்கிறதா? பழைய கார்களின் பெட்ரோல் முள் சொல்லும் பொய்யைக் கண்டுபிடிப்பது எப்படி?

டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கிறது. முள்ளோ 'காலி'யில் படுத்துக் கிடக்கிறது. இது ஒரு வகைப் பொய். டேங்கில் ஒரு சொட்டு இல்லை. முள்ளோ 'ஃபுல்'லில் கம்பீரமாக நிற்கிறது. இது இன்னொரு வகைப் பொய்.

இரண்டுமே தொல்லைதான். ஆனால் இரண்டும் ஒரே தொல்லை இல்லை. முதல் பொய்யை நம்பினால், தேவையில்லாமல் பங்க்குக்குப் போய் டேங்க் வழிய வழிய நிரப்பிவிட்டு வரலாம். இரண்டாவது பொய்யை நம்பினால், ராத்திரி நேரத்தில், ஆள் நடமாட்டமில்லாத ரோட்டில் குடும்பத்தோடு நிற்க வேண்டியதுதான். 1930-ல் செய்த காருக்கு இன்றைய கார்கள் போல நாலு பக்கமும் மினுக்கும் எச்சரிக்கை விளக்குகூடக் கிடையாது.

1920, 30-களின் கார்களைப் பராமரித்து ஓட்டுபவர்களுக்கு இந்த வித்தியாசம்தான் முதல் துப்பு. எந்த வகை மீட்டர், அது எந்தப் பக்கம் பொய் சொல்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால், கோளாறு எங்கே இருக்கிறது என்பதில் பாதி தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் டேஷ்போர்டில் கை வைத்தால், தொண்ணூறு வருடம் உழைத்த நல்ல மீட்டர் குப்பைக்குப் போகும். அதற்குப் பதிலாக வந்த மீட்டரும் அதே பொய்யைச் சொல்லும்.

முள்ளே இல்லாத காலம்

கார்கள் பிறந்தபோது பெட்ரோல் மீட்டர் என்ற ஒன்றே கிடையாது. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து பிஃபோர்ஸ்ஹைம் வரை, சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டிப் போனார். கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டி அது. அதில் தனியாக டேங்க்கூட இல்லை; கார்புரேட்டரில் நிற்கும் சில லிட்டர்தான் கணக்கு. வழியில் வீஸ்லோக் ஊரில் ஒரு மருந்துக்கடையில் 'லிக்ராயின்' என்ற கரைப்பானை வாங்கி ஊற்றினார். அது துணியில் படிந்த கறை போக்க விற்கப்பட்ட சரக்கு. அந்த மருந்துக்கடையைத்தான் உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று இன்றும் சொல்கிறார்கள்.

இருபது வருடம் கழித்து, 1908-ல் வந்தது ஃபோர்டு மாடல் டி. 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் விற்ற இந்தக் காரிலும் பெட்ரோல் முள் கிடையாது. பெரும்பாலான மாடல் டி கார்களில் டேங்க் முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டுமா? எல்லோரும் இறங்க வேண்டும். சீட் குஷனைத் தூக்க வேண்டும். மூடியைத் திறந்து மரக்குச்சியை உள்ளே விட்டு, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கேலன் கணக்கு அச்சடித்த குச்சிகளைக் கடைக்காரர்கள் விளம்பரத்துக்காக இலவசமாகவே கொடுத்தார்கள்.

அந்தக் காருக்கு பெட்ரோல் பம்ப்பும் இல்லை. டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தானாக வழிந்து வர வேண்டும். பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால், முன்னால் இருக்கும் கார்புரேட்டர் டேங்கைவிட உயரத்துக்குப் போய்விடும், எஞ்சின் நின்றுவிடும். அதனால் வண்டியைத் திருப்பி, ரிவர்ஸிலேயே மேடு ஏறியவர்கள் உண்டு.

முள் இல்லாமல் சமாளிக்க வேறொரு வழியும் இருந்தது. அது நம் ஊர் பழைய பைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த 'ரிசர்வ்'. எஞ்சின் இருமத் தொடங்கும். குழாயைத் திருப்பினால் அடியில் மிச்சமிருக்கும் பெட்ரோல் வரும். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் 1960-களின் தொடக்கம் வரை இந்த முறையில்தான் ஓடியது.

முதல் சோதனைக்கு ஒரு குச்சி போதும்

முள் வந்த பிறகும் குச்சியின் வேலை முடிந்துவிடவில்லை. கோளாறு கண்டுபிடிக்கும் வேலை இன்றும் குச்சியில்தான் தொடங்குகிறது. டேங்கில் நிஜமாகவே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல், முள் சொல்வது பொய்யா நிஜமா என்று எப்படிச் சொல்வது?

காரை சமதரையில் நிறுத்தி, சுத்தமான, காய்ந்த மரக்குச்சியை டேங்கின் அடி தொடும் வரை நேராக விட்டு எடுக்க வேண்டும். ஈரக்கோடு காய்வதற்குள் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். சில கார்களில் பெட்ரோல் ஊற்றும் குழாய் வளைந்து போகும். அங்கே குச்சி அடியைத் தொடாது. அப்படிப்பட்ட கார்களில் பெட்ரோலை முழுக்க வடித்து அளப்பதுதான் ஒரே வழி.

இங்கே ஒரு கணக்கும் உண்டு. படுக்கவைத்த டிரம் போல உருண்டையாக இருக்கும் டேங்கில், பாதி உயரத்துக்குப் பெட்ரோல் இருந்தால் பாதி டேங்க் என்பது சரி. ஆனால் கால் உயரத்துக்கு இருந்தால் கால் டேங்க் இல்லை. சுமார் 20 சதவீதம்தான். 38 லிட்டர் டேங்கில் இந்த வித்தியாசம் மட்டும் ஏறக்குறைய இரண்டு லிட்டர். "கால் டேங்க் காட்டும்போதே நின்றுவிட்டது" என்ற புகார்களில் சிலவற்றுக்கு மீட்டர் காரணமாக இருக்காது. டேங்கின் வடிவம் காரணமாக இருக்கும்.

கை வைப்பதற்கு முன்

பெட்ரோல் டேங்கைத் திறக்கும் எந்த வேலைக்கும் சில கட்டாயங்கள் உண்டு. வெளிக்காற்று நன்றாக வரும் இடம் வேண்டும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். டேங்கையோ மீட்டரையோ கழற்றும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிவிட வேண்டும். பெட்ரோலை வடிக்க மூடியுள்ள உலோக கேன் நல்லது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

டேங்க் காலியாகிவிட்டது, இனி பயமில்லை என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. திரவப் பெட்ரோலைவிட, காலி டேங்கில் காற்றோடு கலந்து நிற்கும் ஆவிதான் வெடிக்கும். தீக்குச்சி, சிகரெட், பற்றவைக்கும் வேலை எதுவும் பக்கத்திலேயே வரக் கூடாது.

மாடல் ஏ: முழங்காலுக்கு மேலே டேங்க்

1927 டிசம்பரில் ஃபோர்டு அறிமுகப்படுத்திய மாடல் ஏ காரில் டேஷ்போர்டிலேயே பெட்ரோல் அளவு தெரிந்தது. அதற்கு ஒயர் இல்லை, கேபிள் இல்லை. காரணம் எளிது. டேங்கே டேஷ்போர்டுக்குப் பின்னால்தான் இருந்தது. எஞ்சினுக்கும் முன் சீட்டில் இருப்பவர்களின் முழங்காலுக்கும் நடுவே, உயரத்தில். பெட்ரோல் ஊற்றும் மூடி முன்கண்ணாடிக்கு முன்னால். முதல் இரண்டு வருடக் கார்களில் 10 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 38 லிட்டர் பிடிக்கும்.

டேங்கின் உள்ளே ஒரு கம்பி. கம்பியின் நுனியில் தக்கையால் செய்த மிதவை. பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறும். கம்பியின் மறுமுனையில் இருக்கும் எண் பதித்த தகடு திரும்பும். டேஷ்போர்டில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாக ஓட்டுநர் பார்ப்பது அந்தத் தகட்டைத்தான். அவ்வளவுதான் மீட்டர். கெட்டுப்போக இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். நாலு விஷயம் இருக்கிறது.

முதலாவது, தக்கை. காலப்போக்கில் தக்கை பெட்ரோலைக் குடித்து எடை கூடி, பாதி மூழ்கி மிதக்கும். பிறகு முழுக்கவே மூழ்கும். முதலில் முள் கொஞ்சம் குறைத்துக் காட்டும். அப்புறம் எப்போதும் காலி என்றே சொல்லும். தக்கை உடைந்து கம்பியிலிருந்து விழுந்தாலும் இதே கதைதான்.

இன்று இது அதிகம் நடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்தில் தக்கை மிதவைகளுக்கு அரக்கு பூசும் வழக்கம் இருந்தது. பெட்ரோலில் அரக்கு கரையாது. ஆனால் ஆல்கஹாலில் கரையும். மரச்சாமானுக்குப் பாலீஷ் போடும் ஆசாரிகள் அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைப்பது இதனால்தான். இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனாலும் ஓர் ஆல்கஹால். அமெரிக்காவில் வழக்கமாக 10 சதவீதமும், இந்தியாவில் 20 சதவீதம் வரையும் கலக்கிறார்கள். பல வருடம் நன்றாக இருந்த மிதவையின் அரக்கு, இந்தப் பெட்ரோலில் ஊறியதும் மெல்ல இளகிவிடும். தக்கை நிர்வாணமாகிவிடும். அதனால் மறுபடி அரக்கு பூசுவதில் பயனில்லை. எத்தனாலைத் தாங்கும் செயற்கை மிதவையையோ, முழுக்க மூடிய பித்தளை மிதவையையோ போடுவதுதான் நிரந்தரத் தீர்வு.

இரண்டாவது, அச்சு. கம்பி திரும்பும் இடத்தில் துருவோ, பழைய பெட்ரோலின் பிசினோ பிடித்தால் எண் ஓரிடத்தில் நின்றுவிடும். பெட்ரோல் ஊற்றினாலும் நகராது, தீர்ந்தாலும் நகராது. டேஷ்போர்டை விரலால் தட்டியதும் எண் குதித்தால், சந்தேகம் அச்சின் மேல்தான்.

மூன்றாவது, வளைந்த கம்பி. எண் ஒழுங்காக ஏறி இறங்கும். ஆனால் எப்போதும் ஒரே அளவு கூடவோ குறையவோ காட்டும். யாரோ முன்பு கழற்றி மாட்டும்போது வளைத்திருப்பார்கள்.

நான்காவது, கேஸ்கட். இதுதான் விளையாட்டில்லாத விஷயம். மீட்டரின் உட்பகுதி பெட்ரோலில் நனையும் அமைப்பு என்பதால், கண்ணாடியைச் சுற்றியுள்ள கேஸ்கட் காய்ந்து விரிசல் விட்டால் டேஷ்போர்டிலிருந்தே பெட்ரோல் கசியும். அது சொட்டும் இடம் ஓட்டுபவரின் காலடி. முழு டேங்க் என்றால் சுமார் 28 கிலோ பெட்ரோல் அந்தக் கேஸ்கட்டுக்குப் பின்னால் நிற்கிறது. டேஷ்போர்டில் ஈரமோ, கறையோ, காருக்குள் பெட்ரோல் வாடையோ வந்தால், அளவு சரியாகக் காட்டுகிறதா என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, காரை எடுப்பதையே நிறுத்த வேண்டும்.

மாடல் ஏ மீட்டரைக் கழற்றும் முன்னால் டேங்கிலுள்ள பெட்ரோலை மீட்டரின் துளைக்குக் கீழே இறங்கும்வரை வடித்துவிட வேண்டும். மீட்டர்தான் காலி என்கிறதே என்று நம்பிக் கழற்றினால், மூழ்கிய மிதவையின் பொய் மடியில் வந்து கொட்டும்.

சிவப்புத் தண்ணீர் மீட்டர்

டேங்கைக் காரின் பின்பக்கத்துக்குக் கொண்டுபோனதும் புதிய சிக்கல் வந்தது. பின்னால் இருக்கும் அளவை முன்னால் எப்படிக் காட்டுவது? 1930-களின் தொடக்கத்தில் 1932 ஃபோர்டு வி8 உட்படப் பல அமெரிக்கக் கார்கள் இதற்குக் காற்றைப் பயன்படுத்தின.

டேங்கின் அடியில் காற்று நிறைந்த ஒரு சிறு அறை. அதிலிருந்து மெல்லிய உலோகக் குழாய் ஒன்று டேஷ்போர்டு வரை ஓடும். டேங்கில் பெட்ரோல் உயர உயர அறையிலுள்ள காற்று அழுத்தப்படும். அந்த அழுத்தம் டேஷ்போர்டில் இருக்கும் கண்ணாடிக் குழாயில் ஒரு சிவப்புத் திரவத்தை மேலே தள்ளும். தெர்மாமீட்டர் போல அதைப் பார்த்துப் படிக்கலாம்.

அது சாயம் கலந்த தண்ணீர் இல்லை. அசிட்டிலீன் டெட்ராப்ரோமைடு என்ற, தண்ணீரைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு கனமான திரவம். பெட்ரோலோ தண்ணீரைவிட லேசு. அதனால் டேங்கில் 30 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பெட்ரோல் இருந்தால், டேஷ்போர்டில் சுமார் ஏழரை சென்டிமீட்டர் ஏற்றம்தான் வரும். பெரிய டேங்கின் அளவு சின்ன டேஷ்போர்டுக்குள் அடங்கியது இப்படித்தான். இந்தத் திரவம் விஷத்தன்மை உள்ளது. கையுறை இல்லாமல் தொடவோ, முகரவோ கூடாது.

இந்த மீட்டர் பொய் சொல்லும் திசை பெரும்பாலும் 'காலி' பக்கம். குழாயில் எங்காவது ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும், இணைப்பு சற்றே தளர்ந்திருந்தாலும் காற்று வெளியேறும். சிவப்புக் கோடு மெல்ல இறங்கிவிடும்.

சோதிக்கும் முறை எளிது. டேஷ்போர்டுக்குப் பின்னால் காற்றுக் குழாயை மீட்டரிலிருந்து கழற்ற வேண்டும். இப்போது அழுத்தம் எதுவும் இல்லாததால் சிவப்புக் கோடு சரியாக அடிக்கோட்டில் நிற்க வேண்டும். அதற்கும் கீழே இருந்தால் திரவம் குறைந்திருக்கிறது. சரியாக அடிக்கோட்டில் நின்றால் மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. குற்றவாளி குழாயிலோ டேங்கிலோ ஒளிந்திருக்கிறது.

குழாயில் பெட்ரோலோ தூசியோ அடைத்திருந்தால் காற்றடித்துச் சுத்தம் செய்யலாம். ஆனால் இரு முனைகளையும் கழற்றிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். மீட்டரோடு இணைந்திருக்கும்போது கம்ப்ரஸர் காற்றை விட்டால், அந்த விஷத் திரவம் மொத்தமும் மேல்வழியாகப் பீய்ச்சியடிக்கும்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டியதும் கோடு உடனே ஏறாது. கார் ஓடும்போது டேங்கில் பெட்ரோல் அலம்பி, அறைக்குள் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும்படிதான் இதை வடிவமைத்திருந்தார்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுப் பார்க்காமல், வேலை தோற்றுவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

ஒயர் வந்தது, பொய்யின் திசை மாறியது

1930-களிலேயே மின்சார மீட்டர்களும் பரவின. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் நெடுங்காலம் இருந்த இரு சுருள் வகையை எடுத்துக்கொள்ளலாம். மீட்டருக்குள் இரண்டு செம்புக் கம்பிச் சுருள்கள். ஒன்று முள்ளைக் 'காலி' பக்கம் இழுக்கும். மற்றொன்று 'ஃபுல்' பக்கம் இழுக்கும். இந்த இழுபறியில் யார் ஜெயிப்பது என்பதை டேங்குக்குள் இருக்கும் 'டேங்க் யூனிட்' முடிவு செய்யும்.

டேங்க் யூனிட்டில் ஒரு ஃப்ளோட், அதோடு சேர்ந்து நகரும் ஒரு தொடுமுனை, ஒரு மின்தடைச் சுருள். டேங்க் காலி என்றால் தடை கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம். ஃபுல் என்றால் சுமார் 30 ஓம். தடை கூடக்கூட முள் ஃபுல் பக்கம் போகும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் புரியும். ஒயர் அறுந்தால் தடை எல்லையில்லாமல் கூடியதற்குச் சமம். அப்போது முள் ஃபுல்லையும் தாண்டி ஓடி நிற்கும். இந்த வகை மீட்டரில் இணைப்பு விட்டுப்போனால் வரும் பொய், நடுரோட்டில் நிறுத்தும் ஆபத்தான பொய். மாறாக, ஒயரின் மேலுறை தேய்ந்து பாடியில் பட்டால் முள் காலியில் விழும்.

சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். சாவியை ஆஃப் செய்துவிட்டு டேங்க் யூனிட்டில் இருக்கும் ஒயரைக் கழற்றி, எதிலும் படாமல் வைக்க வேண்டும். சாவியை ஆன் செய்தால் முள் ஃபுல்லைத் தாண்டிப் போக வேண்டும். மறுபடி ஆஃப் செய்து, அந்த ஒயரின் முனையை டேங்கிலிருந்து தள்ளி, சேஸிஸின் சுத்தமான உலோகத்தில் கிளிப் போட்டு இணைத்து, பிறகு ஆன் செய்ய வேண்டும். இப்போது முள் காலிக்கு இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சாவியை ஆஃப் செய்வது எதற்கு? டேங்க் பக்கத்தில் ஒரு சின்னப் பொறிகூட வரக் கூடாது என்பதற்காக.

இரண்டு முறையும் முள் சரியாக நடந்துகொண்டால் மீட்டரும் நல்லது, ஒயரும் நல்லது. கோளாறு டேங்க் யூனிட்டிலோ அதன் எர்த்திலோ இருக்கிறது.

ஒயரை சேஸிஸில் இணைத்தும் முள் ஃபுல்லிலேயே நின்றால், அதே சோதனையை டேஷ்போர்டுக்குப் பின்னால், மீட்டரின் முனையிலேயே செய்து பார்க்க வேண்டும். அங்கே முள் இறங்கினால் நடுவில் ஒயர் அறுந்திருக்கிறது. அங்கேயும் அசையாவிட்டால்தான் மீட்டரைச் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் மீட்டருக்கு பேட்டரியிலிருந்து மின்சாரம் வருகிறதா, மீட்டரின் உடலுக்கு எர்த் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கழற்ற வேண்டும்.

புது பெயின்ட் செய்யும் வேலை

பழைய காரை லட்சக்கணக்கில் செலவழித்துப் புதுப்பித்து முடிக்கிறார்கள். ஒயரிங் புதிது, டேங்க் பளபளவென்று பெயின்ட் அடித்தது. சாவியைப் போட்டால் முள் ஃபுல்லுக்கு ஓடுகிறது. இறங்கவே மாட்டேன் என்கிறது. பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்னாலேயே ஃபுல்!

இதற்குப் பெரும்பாலும் காரணம் அந்தப் பெயின்ட்தான். டேங்க் யூனிட்டுக்குப் போவது ஒரே ஒரு ஒயர். மின்சாரம் திரும்பி வரும் பாதை, யூனிட்டின் உடல், அதை இறுக்கும் ஸ்குரூ, டேங்க், சேஸிஸ் என்று உலோகத்தின் வழியாகவே போக வேண்டும். பெயின்ட் அடித்த டேங்க், புது கேஸ்கட், டேங்குக்கும் சேஸிஸுக்கும் நடுவே வைத்த புது ரப்பர் என்று ஒவ்வொன்றும் அந்தப் பாதையை அடைத்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு முழம் ஒயர் போதும். டேங்க் யூனிட்டின் உடலையும் சேஸிஸின் சுரண்டிய உலோகத்தையும் அந்த ஒயரால் இணைத்து, பிறகு சாவியை ஆன் செய்தால் போதும். முள் சரியான இடத்துக்கு இறங்கிவிட்டால் நோய் தெரிந்துவிட்டது. அந்த ஒயரையே ஒழுங்காக ஸ்குரூ போட்டு நிரந்தரமாக்கிவிடலாம்.

எர்த்தும் சரி என்றால் டேங்க் யூனிட்டைக் கழற்றலாம். மல்டிமீட்டரை அதன் முனையிலும் உடலிலும் வைத்து, ஃப்ளோட் கம்பியைக் கையால் மெதுவாக மேலும் கீழும் நகர்த்த வேண்டும். அளவு சீராக ஏறி இறங்க வேண்டும். நடுவில் சட்டென்று விட்டுப்போனால் அந்த இடத்தில் கம்பிச் சுருள் தேய்ந்திருக்கிறது. முள் அரை டேங்கில் மட்டும் திடீரென்று ஃபுல்லுக்குத் தாவும் காருக்கு இதுதான் விளக்கம்.

பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை. தேங்காயில் தண்ணீர் ஆடுவது போலச் சத்தம் வந்தால் உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறது. வெந்நீரில் அமுக்கினால் ஓட்டை இருக்கும் இடத்திலிருந்து குமிழி வரும். உள்ளேயிருக்கும் பெட்ரோலும் ஆவியும் முழுக்க வெளியேறும் முன் அதில் ஈயம் பற்றவைக்கக் கூடாது, கையிலேயே வெடிக்கும்.

எல்லா மீட்டரும் ஒன்றல்ல

மேலே சொன்ன ஒயர் சோதனையை எல்லா மின்சார மீட்டருக்கும் அப்படியே செய்யக் கூடாது. இன்னொரு வகை உண்டு. அதில் இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு தகடு இருக்கும். மின்சாரம் பாய்ந்து சூடானால் அது வளையும். முள்ளை நகர்த்துவது அந்த வளைவுதான். சாவியைப் போட்டதும் முள் சட்டென்று தாவாமல், சோம்பல் முறித்துக்கொண்டு மெல்ல ஏறினால் அது இந்த வகையாக இருக்கும். இதை நேரடியாக எர்த்தில் இணைத்து வைத்திருந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி கருகிவிடலாம். அந்தக் காரின் சர்வீஸ் புத்தகத்தைப் பார்க்காமல் இதில் கை வைக்கக் கூடாது.

6 வோல்ட் காரை 12 வோல்ட்டுக்கு மாற்றியவர்களும் கவனிக்க வேண்டும். பல்பை மாற்றியவர்கள் மீட்டரை மறந்திருப்பார்கள். வெப்பத்தில் ஓடும் மீட்டர் இரட்டை வோல்ட்டில் ரொம்ப நாள் தாங்காது.

வரிசையாக ஒரு முறை

முதலில் குச்சி: டேங்கில் நிஜமாக எவ்வளவு? பிறகு வாடையும் கசிவும்: ஓட்டலாமா, கூடாதா? அடுத்து, மீட்டர் எந்த வகை? பொய் எந்தப் பக்கம்? மிதவை வகையும் காற்று வகையும் எப்போதும் காலி என்றால் மிதவையையோ காற்றுக் கசிவையோ தேட வேண்டும். இரு சுருள் மின்சார வகை எப்போதும் ஃபுல் என்றால் எர்த், இணைப்பு, ஒயர் என்ற வரிசை. எப்போதும் காலி என்றால் ஒயர் எங்காவது பாடியில் படுகிறதா என்று முதலிலும், ஃப்ளோட் மூழ்கிவிட்டதா என்று அடுத்தும் பார்க்க வேண்டும். மிதவை உள்ள எந்த வகையானாலும் நின்ற இடத்திலேயே நின்றால் அச்சு. மீட்டரைக் கழற்றுவது கடைசி.

சரிசெய்து முடித்ததும் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. டேங்கை முழுக்க வடித்துவிட்டு, ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் குச்சியில் ஒரு கோடு போட்டு, அப்போது முள் எங்கே நிற்கிறது என்றும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பழைய மீட்டர்கள் சரியாக இருக்கும்போதும் ஏறக்குறையத்தான் காட்டும். முள் கால் பாகத்தில் நிற்கும்போது அந்தக் காரின் டேங்கில் நிஜமாக எத்தனை லிட்டர் இருக்கிறது என்பதை அந்தத் தாள் சொல்லிவிடும். அதை மடித்துக் கார் பெட்டிக்குள் வைத்துவிட்டு, குச்சியையும் டிக்கியில் போட்டுக்கொண்டு, முதல் ஒரு வாரம் பக்கத்துத் தெருக்களில் மட்டும் ஓட்டிப் பார்ப்பது நல்லது. குச்சியும் முள்ளும் ஒரே பதிலைச் சொல்லத் தொடங்கிய பிறகு வெளியூர் கிளம்பலாம்.